முத்துச்சாமி கிணற்றின் நாற்பத்திரண்டாவது அடி

குர்ஷித் பேகம் என்று சொன்னால் திண்டுக்கல்லில் பாதிப் பேருக்குத் தெரியாது. மீட்டர் மேடம் என்றால் தெரியும். தெரிந்ததும் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "யாரு, அந்தக் கோவக்காரியா?" என்பார்கள். எதற்காக அந்தக் கோபம் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் போன சித்திரையில் தாடிக்கொம்புப் பக்கம் அந்த அநியாயம் நடந்திருக்காது. இதை எழுத உட்காரும்போது எனக்கு அவர் மேல் கொஞ்சம் எரிச்சல், ஊர் மேல் அதைவிட அதிகம், மிச்சமெல்லாம் என் மேல்தான்.

நான் ஸ்டான்லி. மாரம்பாடிக்காரன். பத்தொன்பது வருடமாகப் போர்வண்டியில் டிரில்லராக இருக்கிறேன். லீவரைப் பிடித்து, இருபதடி இரும்பு ராடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக முடுக்கி, பூமிக்குள் இறக்குவது என் வேலை. நாலாயிரம் துளையாவது போட்டிருப்பேன். அதில் பாதிக்கு மேல் புகைதான் வந்தது. தண்ணீர் வராமல் வெறும் பாறைத்தூள் பறந்தால் அதற்கு எங்கள் தொழிலில் புகை என்று பெயர். துளையில் புகை வந்தாலும் எங்களுக்குக் கூலி உண்டு. அதை நினைத்து போன சித்திரைக்கு முன்னால் நான் வெட்கப்பட்டதும் இல்லை.

மீட்டர் மேடத்தின் வேலை எனக்கு முன்னால் வருகிற வேலை. நான்கு இரும்புக் கம்பிகளைத் தோட்டத்து மண்ணில் அடித்து, வயர் இழுத்து, கரண்ட் பாய்ச்சி, கீழே ஈரம் எங்கே இருக்கிறது, பாறை எங்கே ஆரம்பிக்கிறது என்று மீட்டரில் பார்த்துச் சொல்வார். நாற்பத்தாறு வயது. பேகம்பூரில் வீடு. கணவர் இஷாக் பாய்க்குச் செருப்புக்கடை. பழைய ஸ்கூட்டரில் மீட்டர் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெயிலோடு வெயிலாக வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், கீரனூர் என்று சுற்றுவார். பத்து தோட்டத்தில் ஏழு தோட்டத்துக்கு அவர் எழுதிக் கொடுக்கிற பதில், "இங்கே போர் போட வேண்டாம்" என்பதுதான். வேண்டாம் என்று சொல்வதற்கு எவன் ஆளைக் கூப்பிடுவான்? அதனால்தான் எங்கள் பக்கம் மீட்டரைவிடத் தேங்காய்க்கு மவுசு.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு தோட்டத்தில் நடப்பார்கள். கீழே நீரோட்டம் இருக்கிற இடத்தில் தேங்காய் தானாக எழுந்து நிற்குமாம். ஒட்டன்சத்திரத்து ராபின் அதில் பேர்போனவன். அவனேதான் போர்வண்டிக்கு ஏஜெண்டும். எத்தனை அடி தோண்டுகிறோமோ அத்தனை அடிக்கு அவனுக்குக் கமிஷன். தண்ணீர் இருக்கிறது என்று சொல்பவனும் அவன், தோண்ட ஆள் அனுப்புபவனும் அவன். இதில் ஏதோ தப்பு இருக்கிறது என்று ஊரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை பாருங்கள். என் வண்டிக்கு வருகிற வேலையில் பாதி அவன் கொடுப்பதுதான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கீரனூரில் ஒரு தென்னந்தோப்பில் ஆரம்பித்தது எங்கள் சண்டை. தொள்ளாயிரம் அடி இறக்கியாயிற்று, புகைதான். வேறு தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த மேடம் தூள் பறப்பதைப் பார்த்து ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"என்ன ஸ்டான்லி, எம்புட்டு அடி?"

"தொள்ளாயிரம் மேடம். இன்னும் செத்த நேரம் பாப்போம். தோண்டத் தோண்டத்தான தண்ணி."

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார். "யாருடா ஒனக்குச் சொன்னது? நீ கடலூர்ப் பக்கம் போர் போட்டிருக்கீல்ல? அங்க என்ன வந்துச்சு?"

"மணலு, களி, திரும்ப மணலு. முந்நூறு அடிக்கும் பாறையே தட்டாது."

"இங்க?"

"பத்தடி மண்ணு, முப்பதடி உதிருற சுக்கான்கல்லு, அப்புறம் பாறைதேன்."

"அந்த மண்ணுக்கு வயசு சில ஆயிரம் வருசம். மிஞ்சிப்போனா சில லட்சம். அதுக்குக் கீழ இருக்குற பாறைக்கு அம்பத்தஞ்சு கோடி வருசத்துக்கு மேல. நடுவுல இருந்த வருசமெல்லாம் எங்க போச்சு? என்னைக்காச்சும் யோசிச்சியா? நாலாயிரம் தடவ அதத் தாண்டிப் போயிருக்க, ஒரு தடவையாச்சும் யோசிச்சியா?"

நான் யோசித்ததில்லை. மண் முடிந்தால், அது சரியாமல் தாங்குகிற கேசிங் பைப்பை நிறுத்த வேண்டும், பாறையை உடைக்கிற சுத்தியலை ராடு நுனியில் மாட்ட வேண்டும். அதற்கு மேல் அந்த இடத்தில் எனக்கு என்ன வேலை?

அதற்குப் பிறகு அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். எங்கள் ஊர்ப் பாறை மேலே உருவானது இல்லை. இருபது கிலோமீட்டருக்கும் கீழே, அடுப்புக்குள் இருப்பது மாதிரி வெந்து உருவானது. இன்றைக்கு அது கையால் தொடுகிற உயரத்தில் இருக்கிறது என்றால் மேலே இருந்த அத்தனை கிலோமீட்டர் கல்லும் எங்கேயோ போயிருக்கிறது. மழையும் ஆறும் அரித்தது ஒரு பக்கம். பனி சுரண்டியது இன்னொரு பக்கம். எழுபது கோடி வருடத்துக்கு முன்னால் பூமி முழுக்க, நடுக்கோடு வரைக்கும், உறைந்து கிடந்ததாம். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. அந்தப் பனி நகர்ந்து நகர்ந்து கண்டங்களின் மேல்தோலைக் கிலோமீட்டர் கணக்கில் சுரண்டிக் கடலில் தள்ளிவிட்டது என்கிறார்கள் சிலர். அதனால்தான் உலகத்தில் பல இடங்களில் கீழே மிகப் பழைய பாறை, அதன் மேலேயே புதுப் படிவு, நடுவில் கோடிக்கணக்கான வருடம் காணோம் என்று இருக்கிறதாம். பனி மட்டும் இல்லை, அதற்கு முன்னாலேயே அரித்துவிட்டது என்று வேறு சிலர். படித்தவர்களுக்குள்ளேயே அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.

"ஆனா அந்தப் பனிய நம்மூருக் கணக்குல எழுத முடியாது" என்றார் மேடம். "நம்ம பாறை அதுக்கு அப்புறமுந்தான் கீழ வெந்துச்சு. நமக்கு வந்தது பிந்தின பனி. முப்பது கோடி வருசத்துக்கு முந்தி நம்ம தேசமே தென் துருவத்துப் பக்கம் ஒட்டிக் கிடந்துச்சு. அப்ப மேல ஏறின பனி. எங்க அத்தா தோல் ஷாப்புல ஆட்டுத்தோலப் பலகையில போட்டு மயிரு, கொழுப்பு எல்லாத்தையும் சுரண்டுவாரு. அப்புடிச் சுரண்டிருக்கும். ஒடிசாவுல அந்தப் பனி விட்டுட்டுப்போன கல்லும் களியும் இன்னமும் கிடக்கு. இங்க ஒண்ணுமே மிஞ்சல. மிஞ்சினது வெறும் பாறை. அந்தப் பாறைக்குள்ள நீ ஆயிரம் அடி போ, ரெண்டாயிரம் அடி போ. வெடிப்பு இருந்தா தண்ணி, இல்லேன்னா புகைதேன்."

தோப்புக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார். "ஏனுங்க மேடம், இந்த வெயில்ல பனி எங்கீங்க வந்துச்சு?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மேடத்துக்கு மூக்கு சிவந்துவிட்டது. என்னைக் கையால் காட்டி, "சிரிங்க. இவன் ஒங்களுக்குப் புகைய அடிக்கணக்குல வித்துட்டுப் போறான், அவனோட சேந்து நல்லாச் சிரிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். தோப்புக்காரர் உடனே வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டார். ஹெல்பர்கள் முன்னால், ஏஜெண்ட் முன்னால் எனக்கு அவமானம். புகை விற்கிறவன் என்று ராபின் ஒரு மாதம் என்னைக் கேலி செய்தான். அதை நான் மனதில் வைத்துக்கொண்டேன்.

மேடத்தின் கதை எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. தோல் ஷாப்பில் கூலி வேலை பார்த்தவரின் மகள், நிலவியலில் எம்.எஸ்ஸி. வரை படித்துவிட்டு ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருக்கிறார். என்ன ஆராய்ச்சி? நம் பக்கத்துத் திறந்தவெளிக் கிணறுகளுக்குள் இறங்கி, மண்ணும் பாறையும் சேருகிற அந்தக் கோட்டைப் பார்ப்பது. காசு கொடுத்துத் தோண்ட வேண்டாம், தோட்டத்துச் சம்சாரிகள் ஏற்கெனவே தோண்டி வைத்திருக்கிறார்கள், சுவரைப் படித்தால் போதும் என்பது அவர் யோசனை. தொலைந்துபோன காலத்தில் ஒரு துண்டாவது ஏதாவது ஒரு கிணற்றுச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்காதா? வழிகாட்டியாக இருந்த புரொபசர் கேட்டாராம்: "பர்தா போட்ட பொண்ணு கிணத்துல இறங்கினா ஊர்க்காரன் என்ன சொல்லுவான்? வீட்ல இருந்து பண்ற மாதிரி எதையாச்சும் எடும்மா." அன்றைக்கு வந்த கோபம்தான் இந்தக் கோபம் என்று நினைக்கிறேன். ஆராய்ச்சியை விட்டார், கிணற்றை விடவில்லை. மீட்டர் வேலைக்குப் போகிற தோட்டத்திலெல்லாம் கயிற்றைக் கட்டி இறங்கியிருக்கிறார். இருபத்திரண்டு வருடத்தில் நானூற்றுப் பன்னிரண்டு கிணறு. எல்லாவற்றிலும் மண், சுக்கான், பாறை. வேறொன்றும் இல்லை. அதற்குள் அந்தக் கிணறுகளில் பாதியைக் குப்பையும் கட்டட இடிபாடும் போட்டு மூடிவிட்டார்கள். மூட மூட இவருக்குக் கோபம் ஏறும். கேட்கிறவர்களுக்கு அது வெறும் திட்டு.

நானூற்றுப் பதின்மூன்றாவது கிணறு முத்துச்சாமியுடையது.

தாடிக்கொம்பிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் தோட்டம். மூன்று ஏக்கர். சின்ன வெங்காயம் போட்டிருந்தார், நாற்பத்தைந்து நாள் பயிர், காய் பிடிக்கிற நேரம். ஐம்பதடிக் கிணறு. சுற்றுவட்டாரமே வறண்டாலும் அந்தக் கிணற்றில் தினமும் ஒன்றரை மணி நேரம் மோட்டார் ஓடும். ஏன் என்று யாருக்கும் தெரியாது. ஒன்றரை மணி நேரத் தண்ணீரை வைத்து மனைவி மாயம்மாள் மூன்று ஏக்கரையும் இரண்டு பசுமாட்டையும் காப்பாற்றிக்கொண்டிருந்தார். மனுசனுக்கு அது போதவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரன் ஆயிரம் அடி போட்டிருக்கிறான், நாம் மட்டும் கிணற்றைக் கட்டிக்கொண்டு அழுகிறோமே என்று அவருக்கு ஓர் அரிப்பு.

ராபின் தேங்காயோடு வந்து நடந்தான். தோட்டத்து ஈசானி மூலையில், அதாவது வடகிழக்கில், தேங்காய் நின்றது. அதோடு விட்டானா? கிணறு தென்மேற்கில், கன்னிமூலையில் இருக்கிறதே என்று உதட்டைப் பிதுக்கினான். "கன்னிமூலையில பள்ளம் இருக்கக் கூடாதுண்ணே. ஒங்க மகனுக்கு முப்பத்தஞ்சாகியும் பொண்ணு அமையலையே, ஏன்னு நெனைக்கிறீங்க?" முத்துச்சாமிக்கு அது நெஞ்சில் தைத்தது. இன்னொரு காரணமும் கைவசம் இருந்தது. கிணற்றுக்கும் பக்கத்துக்காரன் முள்கம்பிக்கும் நடுவே மாட்டுவண்டி போகிற அகலம்தான். இருபது டன் போர்வண்டி ஈசானி மூலைக்குப் போக வேண்டுமானால் கிணறு நிரவப்பட வேண்டும். தண்ணீர் இருக்கிற கிணற்றை மூடினால்தான் தண்ணீர் தேடப் போக முடியும். இதைவிடக் கிறுக்குத்தனம் உலகத்தில் உண்டா? ஆனால் அந்த மூலை, இந்த மூலை என்று சொன்னதும் எல்லோருக்கும் நியாயமாகத் தெரிந்தது. எனக்கும்தான்.

மாயம்மாளுக்கு மட்டும் தெரியவில்லை. புருசனுக்குத் தெரியாமல் மீட்டர் மேடத்துக்குப் போன் போட்டார். மேடம் வந்தார், கம்பி அடித்துப் பார்த்தார், ஈசானி மூலையில் வெறும் பாறை என்றார். அப்புறம் வழக்கம்போலக் கிணற்றுக்குள் இறங்கினார். கோடையில் தண்ணீர் கீழே கிடந்ததால் அதுவரை மூழ்கியிருந்த சுவர் வெளியே தெரிந்தது.

வடக்குச் சுவரில், நாற்பதடிக்குக் கீழே, பாறை ஒரு தொட்டி மாதிரி உள்வாங்கியிருந்தது. அந்தத் தொட்டி நிறைய நீலச் சாம்பல் நிறக் களி. களிக்குள் கடுகளவிலிருந்து மனிதத் தலையளவு வரை கற்கள், ஒழுங்கில்லாமல் வாரிக் கொட்டியது போல. ஆற்றில் வந்த கல் என்றால் அளவுவாரியாகப் படிந்திருக்க வேண்டும். சில கற்கள் எங்கள் பக்கத்துப் பாறையே இல்லை. ஒரு கல்லின் முகம் தட்டையாகத் தேய்ந்து, அதில் ஆணியால் இழுத்தது போல வரிவரியாகக் கீறல். கிணறு வற்றாததற்குக் காரணமும் அங்கேதான் இருந்தது. அந்தக் களிக்கும் பாறைக்கும் இடையிலிருந்துதான் ஊற்று கசிந்துகொண்டிருந்தது.

மேடம் ஒரு கல்லையும் பிடுங்கவில்லை. அது எந்த இடத்தில், எதோடு சேர்ந்து இருக்கிறது என்பதுதான் சாட்சி. வெளியே எடுத்தால் வெறும் கல். பனி விட்டுப்போனதா, வேறு ஏதாவதா என்று அவருக்கே உறுதியில்லை. ஒடிசாவில் இப்படிப்பட்ட படிவுகளோடு முப்பது வருடம் வேலை செய்த ஒருவருக்குப் போட்டோ அனுப்பினார். அவர், "தொடாதீர்கள், புதன்கிழமை நானே வருகிறேன்" என்று டிக்கெட் போட்டுவிட்டார்.

மேடம் முத்துச்சாமியிடம் கெஞ்சியிருக்கிறார். அந்த அம்மா கெஞ்சியது அதுதான் முதல் தடவையாக இருக்கும். "அண்ணே, புதன்கிழமை வரைக்கும் கிணத்தத் தொடாதீங்க. அதுக்கப்புறம் நானே வந்து ஒங்களுக்கு வழி சொல்றேன்." அவரும், "சரி தாயி" என்று தலையாட்டினார். தலையாட்டலை நம்பாமல் மேடம் எனக்கும் போன் செய்தார்.

"ஸ்டான்லி, ஒன்னையத் திட்டினதெல்லாம் மறந்துரு. எனக்காக ஒண்ணு செய். முத்துச்சாமி தோட்டத்துக்கு வியாழக்கிழமைக்கு முந்தி வண்டி எடுக்காத. ஒருவேள எடுக்கச் சொன்னா எனக்கு ஒரு போன் போடு. அது போதும்."

"போடுறேன் மேடம்" என்றேன்.

திங்கட்கிழமை காலையில் ராபின் கூப்பிட்டான். வேறோர் இடத்து வேலை தள்ளிப்போய்விட்டதாம், இன்றைக்கு நாள் நன்றாக இருக்கிறதாம், முத்துச்சாமி தோட்டத்துக்கு விடு என்றான். விட்டேன். ஜே.சி.பி. எனக்கு முன்னாலேயே வந்து நின்றது. மோட்டாரைக் கழற்றி மேலே வைத்திருந்தார்கள். மாயம்மாள் கிணற்று மேட்டில் உட்கார்ந்துகொண்டு எழ மாட்டேன் என்றார். முத்துச்சாமி அவர் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, கையைப் பிடித்து இழுத்துப்போய் மாட்டுக்கொட்டத்தில் விட்டார். அப்புறம் ஜே.சி.பி. கிணற்றுக் கைப்பிடிச் சுவரையும், பக்கத்தில் கிடந்த காங்கிரீட் இடிபாட்டையும், எருக்குழி மண்ணையும் உள்ளே தள்ள ஆரம்பித்தது. மூன்று மணி நேரம் ஆயிற்று.

அந்த மூன்று மணி நேரமும் நான் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தேன். போன் சட்டைப் பையில்தான் இருந்தது. பேகம்பூரிலிருந்து தாடிக்கொம்பு என்ன தூரம்? ஒரு போன் போட்டிருந்தால் அரை மணியில் வந்து ஜே.சி.பி. முன்னால் படுத்திருப்பார். எனக்குத் தெரியும். தெரிந்துதான் போடவில்லை. புகை விற்கிறவன் என்றாயே, இப்போது பார் என்று ஓர் அற்ப சந்தோஷம். அதை இன்றைக்கு நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

நிரவிய கிணற்றின் மேல் வண்டியை ஏற்றினேன். சக்கரத்துக்குக் கீழே மண் அமுங்கி, பக்கச் சுவர் உள்ளே சரிகிற சத்தம் கேட்டது. ஈசானி மூலையில் எலுமிச்சம்பழம் நசுக்கி, சூடம் காட்டி, ஆரம்பித்தோம். முப்பத்தெட்டு அடியில் பாறை. அதற்குப் பிறகு ராடு மேல் ராடு. செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆயிரத்து நாற்பது அடி. ஒரு சொட்டு இல்லை. தூள் பறந்து மூன்று ஏக்கர் வெங்காயத் தாளும் வெள்ளையாகிப்போனது. ராபின், "தண்ணிப் பாயிண்ட் இருக்கு, செத்த தள்ளி இருக்கு" என்று சொல்லிக்கொண்டு மறுபடி தேங்காயை எடுத்தான்.

புதன்கிழமை காலையில் மேடம் வந்தார். ஸ்கூட்டரில் புதுக் கயிறு, டார்ச், நோட்டு, அளவு நாடா. கிணறு இருந்த இடத்தைத் தாண்டி வந்து, திரும்பிப் பார்த்து, திரும்பவும் தாண்டிப் போய் நின்றார். கிணறு எங்கே என்று அவருக்குப் பிடிபடவே செத்த நேரம் ஆயிற்று.

பிறகு அவர் பேசியதையெல்லாம் எழுத முடியாது. முத்துச்சாமியை, ராபினை, வாஸ்துவை, கன்னிமூலையை, ஒருத்தரையும் விடவில்லை. கடைசியில் என்னிடம் வந்தார்.

"போன் போடுறேன்னீல்ல? கையி ஒடிஞ்சா போச்சு?"

"தோட்டத்துக்காரரு அவசரப்படுத்துனாரு மேடம்."

"பொய் சொல்லாத. நா ஒன்னைய நாலு பேரு முன்னால பேசுனேன், அதுக்குத்தான செஞ்ச? என்னையப் பழிவாங்க என் வீட்டு மேல கல்ல எறிஞ்சிருக்கலாம்லடா. முப்பது கோடி வருசமா ஒரு குழிக்குள்ள தப்பிச்சுக் கிடந்தத மூடிட்டீங்களேடா. இருபத்திரண்டு வருசமா நா தேடுனது ஒங்களுக்குக் கன்னிமூலப் பள்ளமாப் போச்சா?"

முத்துச்சாமி துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார். அப்போது மாயம்மாள் கொட்டத்திலிருந்து வந்தார். அவர் அழவில்லை. அவருக்கும் கோபம்தான்.

"தாயி, நீ வையிறது அம்புட்டும் ஞாயந்தேன். ஒன்னோட கல்லு போச்சு. எனக்கு மூணு நாளாத் தண்ணி இல்ல. காயி பிடிக்கிற வெங்காயம், நாளைக்கு வரைக்குந்தேன் தாங்கும். மாட்டுக்குப் பக்கத்துத் தோட்டத்துல கொடத்துல வாங்கிட்டு வாரேன், நேத்தே அவன் மூஞ்சியக் காட்டிட்டான். நீ படிச்சவ. எனக்கு ஒரு வழி சொல்லு."

மேடம் நிரவிய மண்ணைப் பார்த்தார். கிணற்றை மறுபடி தோண்டலாம். பெரிய மெஷின் வேண்டும், சரிந்த சுவரைக் கட்ட வேண்டும், மாதக்கணக்கில் ஆகும். தோண்டினால் அந்தத் தொட்டியில் பாதியாவது சுவருக்குப் பின்னால் பத்திரமாக இருக்கும். ஆனால் வெங்காயம் இருக்காது. இன்னொரு வழி அவருக்கு மட்டும் தெரிந்திருந்தது. அவர் அதைச் சொல்லாமலே போயிருக்கலாம். ஏன் என்று ஒருத்தரும் கேட்டிருக்க முடியாது.

கிணற்றுக்கு வடக்கே பத்தடி நடந்தார். மீட்டர் பெட்டியைத் திறந்து இரண்டு தடவை பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, குதிகாலால் மண்ணில் ஒரு குழி பறித்தார்.

"ஸ்டான்லி, வண்டியக் கொண்டா. இங்க அடி. நாப்பத்தஞ்சு அடி. அதுக்கு மேல ஒரு அடி போன, கொன்னுருவேன்."

எனக்கு விளங்கியது. "மேடம், அந்தத் தொட்டிக்கு நேர் மேலயா? சுத்தியல் போனா எல்லாம் தூளாயிரும். காத்து அடிச்சுக் களியெல்லாம் கரைஞ்சிரும்."

"எனக்குச் சொல்லித் தாரியா? எது எங்க இருந்துச்சுன்னு அப்புறம் அல்லாவுக்குத்தான் தெரியும். தெரிஞ்சுதான சொல்றேன். தண்ணி அதுலதான இருக்கு. அடிடா!"

அடித்தேன். என் தொழிலில் அவ்வளவு மெதுவாக ஒரு துளையையும் நான் போட்டதில்லை. முப்பத்தாறு அடியில் தூள் ஈரமானது. நாற்பதில் ராடு மெத்தென்று இறங்கியது. நாற்பத்திரண்டாவது அடியில் நீலச் சேறு பீய்ச்சிக்கொண்டு வந்தது, அதன் பின்னால் தண்ணீர்.

மேடம் மாயம்மாளிடம் கேட்டு வாங்கி வைத்திருந்த மாவு சலிக்கிற சல்லடையோடு சேற்று மழைக்குள் நுழைந்தார். பர்தாவெல்லாம் சேறு. சல்லடையில் பிடித்துப் பிடித்துக் கழுவினார். எல்லாம் அரிசி நொய்யளவு. ஒரே ஒரு சில்லு நகத்தளவு இருந்தது, அதில் அரை வரி மாதிரி ஏதோ. அதை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒன் சுத்தியல் கீறினதா, பனி கீறினதான்னு கேப்பாங்க. நா என்ன சொல்லுவேன்?" என்று சேற்றிலேயே வீசினார். பிறகு ஓரமாகப் போய்ப் போன் செய்தார். மத்தியான ரயிலில் வந்துகொண்டிருந்தவரிடம், "சார், திண்டுக்கல்ல இறங்க வேண்டாம். அப்படியே மதுரைக்குப் போய் ரிட்டர்ன் டிக்கெட் போட்டுக்கங்க" என்றார். அந்தப் பக்கம் ஏதோ கேட்கும்போதே கட் செய்துவிட்டார்.

நான் கம்ப்ரசர் காற்றை நிறுத்திவிட்டுப் பார்த்தால், துளையைச் சுற்றிக் கூட்டம். பக்கத்துத் தோட்டத்துக்காரன்கூட வந்துவிட்டான். மாயம்மாள் வாய்க்காலை வெட்டி வெங்காயத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தார். முத்துச்சாமி தேங்காயை உடைத்து, துளைக்குச் சூடம் காட்டி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார். துளையைப் பார்த்து இல்லை, ராபினைப் பார்த்து.

ராபின் கூச்சமே இல்லாமல் நின்றான். "நாந்தான் நேத்தே சொன்னேன்லண்ணே, பாயிண்டு செத்த தள்ளி இருக்குன்னு. கன்னிமூலப் பள்ளத்த மூடுனதும் ஊத்து தானா மேல ஏறிருச்சு பாத்தீங்களா? ஆயிரம் அடியில இல்லாத தண்ணி நாப்பது அடிக்கு வந்திருச்சு."

கூட்டம் ஆமாம் ஆமாம் என்றது. "வாஸ்துன்னா சும்மாவா" என்றது ஒரு குரல். பக்கத்துத் தோட்டத்துக்காரன், "எங்க கெணறும் கன்னிமூலதேன் தம்பி, வெள்ளிக்கிழமை வந்து பாரு" என்று ராபினைக் கூப்பிட்டான்.

மேடம் கூட்டத்துக்குள் வந்தார். "ஸ்டான்லி, நீ சொல்லு. இந்த எடத்தக் காட்டுனது யாரு? இந்தத் தண்ணி இதுக்கு முந்தி எங்க இருந்துச்சு? நா சொன்னா நம்ப மாட்டாங்க. நீ போர்க்காரன், நீ சொன்னா நம்புவாங்க. பக்கத்துத் தோட்டத்து ஆளோட கெணத்தையாச்சும் மூடாம இருப்பாங்க. சொல்லுடா."

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ராபினும் பார்த்தான். வெள்ளிக்கிழமை வேலையும் என் வண்டிக்குத்தான் வரும்.

"எனக்கென்ன மேடம் தெரியும்?" என்றேன். "நா லீவரப் பிடிக்கிறவன்."

அவர் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அன்றைக்கு என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவர் திட்டவில்லை. சல்லடையை வாய்க்காலில் அலசி மாயம்மாளிடம் கொடுத்துவிட்டு, மீட்டர் பெட்டியை ஸ்கூட்டரில் கட்டி, பேகம்பூர்ப் பக்கம் போய்விட்டார்.